மில்லிங் மெஷினில் டவ்டெயில் ஸ்லைடு வெட்டும் முறை

பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலோ வேறு ஐ.டி.ஐ.களிலோ பிட்டர் பிரிவில் படித்தவர்கள் டவ்டெயில் (புறா வால்போல மேலே அகன்று அடியில் குறுகிய பொருத்து) பிட்டிங் என்ற பயிற்சியை மறந்திருக்க மாட்டார்கள். இரும்புப் பட்டையை ஹேக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவி, ஆண் பாகமும் பெண் பாகமும் இடையில் வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்வரை உட்கார்ந்து தேய்க்கும் வேலை அது. அந்தப் பழக்கத்தோடு மில்லிங் மெஷினில் ஒரு ஸ்லைடு, அதாவது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடும் ஜோடிப் பாகம், செய்ய முற்படுகிறவர்கள், இங்கும் இரண்டு பாகங்களும் இறுக்கமாகப் பொருந்தினால் போதும் என்று எண்ணித் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் பொருந்தி நிற்பது வேறு, பொருந்தியபடியே ஓடுவது வேறு. ஓட வேண்டிய பாகத்தில் அகலம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஜிப் பட்டையின் (இரு சரிவுகளுக்கும் இடையில் செருகித் திருகால் நெருக்கும் மெல்லிய பட்டை) கனத்தை மாற்றி ஈடுகட்டிவிடலாம்; இரு சரிவு முகங்களும் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டாலோ அதை எந்த ஜிப்பாலும் எந்தத் திருகாலும் ஈடுகட்ட முடியாது. கீழே சொல்லும் முறை முழுவதும் அந்த இணையைக் காப்பதற்காக அமைந்தது.

நெல்லைச் சீமையில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுச் சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் சிறிய மில்லிங் மெஷின் ஓட்டுகிறவர்களை மனத்தில் வைத்து, ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். அடிப்பாகம் 160 மி.மீ. நீளமும் 80 மி.மீ. அகலமும் 25 மி.மீ. கனமும் உடையது, அதன்மேல்தான் ஆண் டவ்டெயில் வரும். மேலே ஓடும் சாடில் 100 மி.மீ. நீளம், அதே 80 மி.மீ. அகலம். சாடிலின் நீளம் டவ்டெயிலின் அகலத்தைப் போல இரு மடங்காவது இருப்பது நல்லது. குட்டையான சாடில் ஓரத்தில் தள்ளினால் குறுக்கே திரும்பிக் கடித்துக்கொள்ளும். கோணம் 60 டிகிரி. பழைய பிரிட்டிஷ் மெஷின்களில் 55 டிகிரி உண்டு என்பதால், ஏற்கெனவே உள்ள மெஷினுக்கு மாற்றுப் பாகம் செய்கிறவர்கள் கோணத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருளுக்கு வார்ப்பிரும்பே சிறந்தது. புதிய வார்ப்பை விட, பழைய இரும்புக் கடையில் கிடக்கும் உடைந்த மெஷின் உடல் ஒன்றிலிருந்து அறுத்தெடுத்த துண்டு எனக்கு உவப்பானது, ஏனெனில் ஆண்டுக்கணக்கில் கிடந்து உள்விறைப்பு தளர்ந்த இரும்பு வெட்டிய பிறகு அவ்வளவாக வளைவதில்லை. வார்ப்பின் மேல்தோல் மணல் ஒட்டி மிகக் கடினமாக இருக்கும்; அதன்மேல் கட்டரை மெல்ல உரசவிட்டால் பற்கள் உடனே மழுங்கும். எனவே முதல் வெட்டைத் தோலுக்கு அடியில் போகும்படி ஆழமாகவே கொடுக்க வேண்டும். ஆறு முகங்களையும் சதுரமாக்கி, டவ்டெயில் வரும் இடத்தில் உள்ள பெரும்பகுதி இரும்பையும் கழித்துவிட்டு, இரண்டொரு நாள் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு கடைசி அளவுக்கு வருவது நல்லது. வார்ப்பிரும்பை எண்ணெயோ கூலண்டோ இல்லாமல் உலர்வாகத்தான் வெட்ட வேண்டும். அதன் கருஞ்சாம்பல் பொடி மெஷினின் வழித்தடங்களுக்குள் புகுந்து அரைக்கும் என்பதால் தடங்களை மூடிவைத்து, பொடியைக் காற்றடித்து ஊதாமல் தூரிகையாலோ வாக்குவம் கிளீனராலோ எடுக்க வேண்டும். மூக்குக்கு மாஸ்க்கும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும்.

மெஷினைத் தொடுமுன் காகிதத்தில் முடிக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. ஆண் பாகத்தில் மேல்முகம் ஒன்று, இருபக்கமும் தாழ்ந்த திண்ணைகள் இரண்டு இருக்கின்றன. சாடில் மேல்முகத்தில் அமர்ந்து ஓட வேண்டும், அல்லது திண்ணைகளில் அமர்ந்து ஓட வேண்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் அமர வைக்க முயன்றால் எதிலும் ஒழுங்காக அமராது. திண்ணைகள் அகன்று விலகியிருப்பதால் சாடில் ஆடாமல் நிற்கும். ஆகையால் நான் திண்ணையையே தேர்ந்தெடுக்கிறேன். அப்படியானால் ஆண் பாகத்தின் உயரம் 8 மி.மீ. என்றால் பெண் பாகத்தின் ஆழம் 8.3 மி.மீ.; மேலே 0.3 மி.மீ. வெளி தொடாமலே இருக்கும்.

இப்போது கணக்கு. ஆண் பாகத்தின் அடியில் குறுகிய இடத்து அகலம் 40 மி.மீ. என்று வைப்போம். 60 டிகிரிக்கு உயரத்தை 1.1547ஆல் பெருக்கினால் இருபக்கச் சரிவும் சேர்ந்து கூட்டும் அகலம் கிடைக்கும், 8 மி.மீ. உயரத்துக்கு அது 9.24 மி.மீ., எனவே மேல் அகலம் 49.24 மி.மீ. ஆனால் கூரிய மூலையிலிருந்து மூலைக்கு வெர்னியர் வைத்து இதை அளக்க முடியாது, முனையும் மழுங்கியிருக்கும், தாடையும் சரியாக உட்காராது. ஆகவே இரு பக்கத்து மூலைகளிலும் உருளைப் பின் ஒவ்வொன்றை வைத்து, அவற்றின் மேல் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கிறோம். பின்னின் விட்டத்தை 2.732ஆல் பெருக்கிக் குறுகிய அகலத்தோடு கூட்டினால் வரவேண்டிய அளவு வரும். 55 டிகிரியானால் அந்த எண் 2.921. பின் 6 மி.மீ. என்றால் 16.39 கூடி, நமக்கு வரவேண்டியது 56.39 மி.மீ. பின்னுக்கு டிரில் பிட்டின் தண்டைப் பயன்படுத்துவோர் உண்டு. அதைவிட பேரிங் கடையில் கிடைக்கும் நீடில் ரோலர் நம்பகமானது. எதுவானாலும் மைக்ரோமீட்டரில் அதன் உண்மையான விட்டத்தைப் பார்த்து அந்த எண்ணையே கணக்கில் போட வேண்டும்.

பெண் பாகத்தில் ஜிப்புக்கு இடம் விட வேண்டும். ஜிப்பின் கனம் சரிவுக்குச் செங்குத்தாக அளக்கப்படுவதால், கிடைமட்டத்தில் அது எடுத்துக்கொள்ளும் இடம் கனத்தைப் போல 1.1547 மடங்கு: 3 மி.மீ. ஜிப்புக்கு 3.46 மி.மீ. திருகிச் சரிசெய்ய இன்னும் 0.2 மி.மீ. கூட்டினால், பெண் பாகத்தின் வாயகலம் 43.66 மி.மீ. ஆகும். 8.3 மி.மீ. ஆழத்தில் அதன் அடி அகலம் 53.25 மி.மீ. இரு பின்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அதிலிருந்து 16.39ஐக் கழித்து 36.86 மி.மீ. இந்த எண்களைக் கெட்டியான அட்டையில் எழுதி மெஷின் மேல் ஒட்டிக்கொண்டால், வெட்டும் நடுவே கால்குலேட்டரைத் தேட வேண்டியிருக்காது.

அடுத்தது ஸ்பிண்டில், அதாவது கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டு. டயலை (நுண்ணிய வேறுபாட்டை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) ஸ்பிண்டிலில் கட்டி, 150 மி.மீ. அளவுள்ள வட்டத்தில் டேபிளின்மேல் சுற்றிப் பார்த்தால் 0.02 மி.மீ.க்கு மேல் வேறுபாடு வரக்கூடாது. சாதாரண பேஸ் மில்லிங்கில் சிறு சாய்வு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், டவ்டெயிலில் அது மறைவதில்லை. ஸ்பிண்டில் முன்னோ பின்னோ சாய்ந்திருந்தால் ஒரு பக்கச் சரிவு 60 டிகிரிக்குச் சற்றுக் கூடியும் மறுபக்கம் சற்றுக் குறைந்தும் வந்து, முகத்தோடு முகம் உட்காராமல் ஓரம் மட்டும் தொடும். டேபிளின் ஜிப்புகளையும் இப்போதே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் டேபிள் ஓடும் நேர்மைதான் நம் ஸ்லைடின் நேர்மை. டேபிளின் ஒரு முனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது மறுமுனையில் வைத்த டயல் ஆடினால், முதலில் அந்த ஆட்டத்தைப் போக்கிவிட்டுத்தான் ஜாபை, அதாவது வெட்டப்போகும் துண்டை, ஏற்ற வேண்டும்.

கட்டர் 25 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. உயரமும் உள்ள ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டவ்டெயில் கட்டர். வாங்கும்போது அடியிலும் பல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். திண்ணையையும் இதே கட்டர்தான் முடிக்கப்போகிறது. வார்ப்பிரும்புக்கு நிமிடத்துக்கு 20 மீட்டர் வெட்டுவேகம் என்று கொண்டால் சுமார் 250 சுற்று வரும். அதற்குமேல் போக வேண்டாம். பற்களின் நுனி மெல்லியது, கழுத்தும் ஒடுங்கியது.

ஆண் பாகத்தை முதலில் வெட்டுவது என் பழக்கம். வெளியிலிருந்து மைக்ரோமீட்டரால் அளக்கக்கூடிய பாகத்தை முதலில் முடித்து, அளக்கக் கடினமான பாகத்தை அதற்கேற்பச் செய்வது எளிது. ஜாபை டேபிளின் நீளவாக்கில் வைத்து, பக்கமுகத்தில் டயலை ஓட்டி, 160 மி.மீ. நீளத்தில் 0.01க்குள் கொண்டுவந்து இறுக்க வேண்டும். கிளாம்பை இறுக்கிய பின் டயலை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும், இறுக்கும்போது ஜாப் நகர்வது வழக்கம். எண்ட் மில்லால் (அடியிலும் பக்கத்திலும் வெட்டும் நேரான கட்டர்) நடுவில் 50 மி.மீ. அகலமும் 7.9 மி.மீ. உயரமும் உள்ள மேடு விட்டு இருபக்கமும் இறக்கினால், திண்ணையில் டவ்டெயில் கட்டருக்கு 0.1 மி.மீ. மிஞ்சும். வட்டத் தூண் மெஷின் (தலையை ஏற்றி இறக்கும்போது அது தூணைச் சுற்றித் திரும்பிவிடக்கூடிய வகை) வைத்திருப்பவர்கள் கட்டரை மாற்றுவதற்காகத் தலையை ஏற்றி இறக்கினால் நடுமையம் விலகிப்போகுமே என்று கவலைப்படுவார்கள். எண்ட் மில் வேலைக்கும் டவ்டெயில் வேலைக்கும் இடையில் தலை நகர்ந்தால் ஒரு கேடும் இல்லை, இரு சரிவுகளையும் இனி ஒரே கட்டர்தான் வெட்டப்போகிறது. முதல் சரிவுக்கும் இரண்டாவது சரிவுக்கும் இடையில் மட்டும் எதையும் அசைக்கக் கூடாது. உயரத்தைப் பூட்டியது பூட்டியபடியே இருந்தால்தான் இரு திண்ணைகளும் ஒரே மட்டத்தில் வரும். கட்டரின் விட்டம் 25, திண்ணையின் அகலம் 20 என்பதால் கடைசி ஓட்டத்தில் திண்ணை முழுவதும் ஒரே வீச்சில் முடிந்துவிடும்.

வெட்டும் திசையில் கவனம் தேவை. கட்டரோடு நாமும் நடந்துபோவதாக எண்ணிக்கொண்டால், வெட்டப்படும் முகம் நம் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அதாவது ஜாபின் முன்பக்கச் சரிவை வெட்டும்போது டேபிள் இடப்பக்கமும், பின்பக்கச் சரிவை வெட்டும்போது வலப்பக்கமும் போக வேண்டும். திசை மாறினால் கட்டர் ஜாபைத் தன்பக்கம் இழுத்து, டேபிள் ஸ்குரூவின் பேக்லாஷ் (மரைக்கும் நட்டுக்கும் இடையிலான ஆட்டம்) முழுவதையும் ஒரே குதியில் தின்றுவிட்டு நுனிகளை உடைத்துக்கொள்ளும். ஓடாத அச்சுகளை ஒவ்வொரு வெட்டுக்கும் பூட்டிவிட வேண்டும்.

தொடக்கத்தில் பல்லின் நுனி மட்டுமே வெட்டுவதால் பக்கவாட்டில் 1 மி.மீ. வரை கொடுக்கலாம். உள்ளே போகப் போகச் சரிவு நீண்டு பல் முழுவதும் வேலை செய்யத் தொடங்கும், அப்போது 0.5, பிறகு 0.25 என்று குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு மொத்தம் 5 மி.மீ. போக வேண்டியிருக்கும். கட்டர் சரிவுக்கு அடியில் இருக்கும்போது எக்காரணம் கொண்டும் ஸ்பிண்டிலை மேலே தூக்கக் கூடாது, தூக்கினால் ஜாபும் போகும் கட்டரும் போகும். நடுவில் மின்சாரம் போய்விட்டால் உடனே சுவிட்சை அணைத்து, பக்கவாட்டுப் பூட்டைத் தளர்த்திக் கட்டரைச் சரிவிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டும். மின்சாரம் வந்ததும் பல் கடித்த நிலையிலேயே மோட்டார் கிளம்பினால் நுனி தப்பாது.

முதல் சரிவை வரைந்த கோட்டுக்கு வெட்டி முடித்துவிடலாம். அளவு முழுவதையும் இரண்டாவது சரிவில் பிடிக்கிறோம். அளக்குமுன் மூலையில் அடைந்திருக்கும் பொடியை எடுக்க வேண்டும். தூரிகை அந்தக் கூரிய மூலைக்குள் போகாது. தென்னை ஈர்க்கு ஒன்றை நுனி சீவி, மூலை நெடுகிலும் இழுத்துவந்தால் சாம்பல் நிறப் பொடி சுருண்டு வெளியே வரும். அதன்பின் பின்னை வைத்து விரலால் லேசாக அழுத்தி உருட்டிப் பார்க்க வேண்டும். திண்ணையிலும் சரிவிலும் ஒருசேரத் தொட்டு அமர்ந்திருந்தால் பின் ஒரே சீரான வழுவழுப்போடு உருளும். அடியில் ஒரு துகள் இருந்தாலும் அந்த இடத்தில் விரலுக்குத் தட்டும், மைக்ரோமீட்டரும் கூடுதல் காட்டும். அளவு 56.71 என்று வந்தால் 0.32 மிச்சம், கட்டரைப் பக்கவாட்டில் எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே இந்த அளவும் குறையும். இருந்தாலும் 0.32ஐ ஒரேயடியாகக் கொடுக்காமல் 0.2 கொடுத்து, அளந்து, மீதியைக் கொடுத்து, கடைசியாகக் கட்டரை நகர்த்தாமலே ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். கையில் சூடு தெரியும் ஜாபை அளந்து முடிவு செய்யக் கூடாது. 100 மி.மீ. வார்ப்பிரும்பு 10 டிகிரி வெப்பத்துக்கு 0.01 மி.மீ. நீளும், சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்த 10 டிகிரி எளிதாக வந்துவிடும். கடைசி வெட்டை விடியற்காலையில் வைத்துக்கொள்வது பாளையங்கோட்டை வெயிலை அறிந்தவர்களுக்குத் தெரிந்த வழிதான்.

பின்களின் மேல் எடுக்கும் இந்த அளவை இரு முனைகளிலும் நடுவிலும் எடுக்க வேண்டும். மூன்றும் 56.30 என்று வந்தால் கவலை இல்லை. பெண் பாகத்தில் 0.09ஐக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு முனை 56.39, மறுமுனை 56.36 என்று வந்தால்தான் கவலை. சாடில் ஒரு முனையில் இறுகி மறுமுனையில் ஆடும். ஜாபை அவிழ்க்காமல், கிளாம்பையும் டேபிள் ஜிப்பையும் சரிபார்த்து, மழுங்கிய கட்டரை மாற்றி, இரு சரிவுகளிலும் 0.05 எடுத்து மறுபடி அளக்க வேண்டும். ஜாபை மெஷினிலிருந்து இறக்கிய பின் இதைத் திருத்துவது ஸ்கிரேப்பர் (இரும்பை மெல்லச் சுரண்டி எடுக்கும் கைக்கருவி) பிடித்துப் பழகியவர்களுக்கு மட்டுமே முடிந்த காரியம். பின் அளவு மூன்று இடத்திலும் ஒத்துவரும்வரை கிளாம்பைத் தொடாதீர்கள்.

பெண் பாகமும் இதே முறைதான். வேறுபடும் இடங்களை மட்டும் சொல்கிறேன். சாடிலின் அடிமுகம் திண்ணையில் ஓடப்போவதால் அதை முதலில் நன்றாகச் சமன்செய்துவிட வேண்டும். எண்ட் மில்லால் நடுவில் 43 மி.மீ. அகலத்துக்குப் பள்ளம் எடுத்தால் டவ்டெயில் கட்டர் முனையிலிருந்து தாராளமாக உள்ளே நுழையும். பள்ளத்தின் தரை எதையும் தொடப்போவதில்லை என்றாலும், பின்கள் அதன்மேல்தான் அமரும் என்பதால் அதையும் டவ்டெயில் கட்டராலேயே முடிக்க வேண்டும். திசை இப்போது மாறும்: பின்சுவரை வெட்டும்போது டேபிள் இடப்பக்கமும், முன்சுவரை வெட்டும்போது வலப்பக்கமும் போகும். பின்களுக்கு நடுவே டெலஸ்கோப்பிக் கேஜ் (உள் இடைவெளிக்கு ஏற்ப விரிந்து பூட்டிக்கொள்ளும் கருவி) வைத்து மைக்ரோமீட்டரில் பார்ப்பது வெர்னியரின் உள்தாடையை விட நல்லது. இரு சுவர்களில் ஒன்று ஆண் பாகத்தோடு நேராக உரசி ஓடும், மற்றதன் பக்கம் ஜிப் வரும். ஸ்லைடில் வேலை நடக்கும்போது விசை எந்தப் பக்கம் தள்ளுமோ அந்தப் பக்கம் நேராக உரசும் சுவர் இருக்க வேண்டும். ஜிப்பின் திருகுகள் விசையைத் தாங்கும் நிலை வரக் கூடாது.

வெட்டி முடித்ததும் எல்லாப் பிசிறையும் எடுத்து, ஆண் பாகத்தின் கூர்முனைகளையும் பெண் பாகத்தின் வாயோரங்களையும் அரை மில்லிமீட்டர் மழுக்க வேண்டும். கட்டரின் நுனி எவ்வளவு கூராக இருந்தாலும் உள்மூலையில் சிறு வளைவை விட்டுச்செல்லும். எதிர்ப்பாகத்தின் கூர்முனை அதில் முட்டினால் முகங்கள் தொடாமல் தூக்கி நிற்கும்.

ஜிப்பை 3 மி.மீ. பித்தளைப் பட்டையிலோ தேய்த்துச் சமன்செய்த இரும்புப் பட்டையிலோ செய்யலாம். அதன் இரு நீள ஓரங்களும் 60 டிகிரி சாய்ந்து, குறுக்குவெட்டு இணைகரமாக இருக்க வேண்டும். நிறுத்திவைத்தால் உயரம் 7.6 மி.மீ. வரும்படி, சரிவுவாக்கில் 8.8 மி.மீ. அகலம் போதும். மெல்லிய பட்டை வைஸில் வளையும் என்பதால், 60 டிகிரிக் கட்டை ஒன்றின்மேல் வைத்து அரத்தால் ராவுவதே எனக்கு எளிதாகப்படுகிறது. கண்ணாடித் தட்டில் வைத்துத் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்த பின், சாடிலை ஆண் பாகத்தில் ஏற்றி, ஜிப்பைச் செருகி, ஆட்டம் இல்லாமல் நெருக்கிப் பிடித்து, பக்கச்சுவர் வழியாக 4.2 மி.மீ. டிரில்லால் மூன்று துளைகள் போட வேண்டும். ஒவ்வொரு துளையும் ஜிப்பில் ஒரு மில்லிமீட்டர் குழிக்கும்வரை போகட்டும். அதன்பின் சுவரில் மட்டும் 5 மி.மீ. மரை போட்டு, முனையை உருட்டிய திருகையும் லாக் நட்டையும் ஏற்றினால், திருகின் முனை குழியில் அமர்ந்து ஜிப்பை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஆண் பாகத்தின் திண்ணைகளிலும் சரிவுகளிலும் பிரஷ்யன் புளூ என்ற நீலச் சாயத்தை மூச்சுப்படலம்போல மெல்லியதாகத் தடவி, சாடிலை ஓரிரு அங்குலம் நகர்த்திக் கழற்றிப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரியும். நீலம் நீளம் முழுவதும் பரவலாக வந்தால் போதும். ஒரு மூலையில் மட்டும் கெட்டியாக வந்தால் அந்த இடத்தை ஸ்கிரேப்பரால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். மணல்தாளால் தேய்ப்பதையும் தேய்ப்புப் பசை போட்டு ஓட்டுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை; அந்தத் துகள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் புதைந்துகொண்டு பல ஆண்டுகள் அரைக்கும். விக்கிரமசிங்கபுரம் பக்கம் பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் எவரேனும் தெரிந்தவராக இருந்தால், ஸ்கிரேப்பரைத் தீட்டும் விதத்தையும் பிடிக்கும் விதத்தையும் அவரிடம் நேரில் கற்றுக்கொள்வது எந்த எழுத்தையும் விட மேல்.

பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, 68 கிரேடு ஸ்லைடுவே எண்ணெய் தடவிப் பூட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்துச் சாரலிலும் புதிதாக வெட்டிய வார்ப்பிரும்பு ஓரிரவிலேயே துருப்பிடிக்கும்; வேலை பாதியில் நின்றாலும் எண்ணெய் தடவாமல் போகக் கூடாது. திருகுகளை நடுவிலிருந்து தொடங்கி, சாடில் கைக்குக் கனக்கும்வரை இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, திருகு திரும்பாமல் ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். சாடிலின் ஒரு மூலையில் டயலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளி இழுத்தால் முள் 0.02க்குள் நிற்க வேண்டும். அதே அளவு ஓட்டத்தின் இரு முனைகளிலும் வர வேண்டும். நடுவில் சரியாக இருந்து முனையில் இறுகினால் திருகைத் தொடாமல், சாடிலைக் கழற்றி அந்த முனையில் நீலத்தைப் பாருங்கள்.